உப்பு வழியில் அறுபத்து நான்கு இட்லி

கிளம்பும் முந்தின இரவு, திருச்சி

என் சைக்கிள் பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தம்பி கேட்டான்: "அக்கா, டூர் போறோமா, மளிகைக் கடை போடப் போறோமா?"

ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், மாற்றுத் துணி ஒரு செட். மீதி இடமெல்லாம் எள்ளுருண்டை, வறுத்த நிலக்கடலை, பேரீச்சை, கெட்டி அவல், பொடித்த பனைவெல்லம், மூடி இறுக்கிய சின்னப் பாட்டிலில் நெய்.

காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் எடை குறைக்கத்தான் சைக்கிள் வாங்கினேன். 63 கிலோ 55 ஆனபோது தெருவே பாராட்டியது. ஜிம் நடத்தும் ஒருவர் "அரிசியை அடியோட நிறுத்துங்க" என்றார், நிறுத்தினேன். ஞாயிறு தவறாமல் 80 கிலோமீட்டர். காலையில் கிரீன் டீ, மதியம் வெள்ளரிக்காய். 47-க்கு வந்தபோது பாராட்டியவர்களே "உடம்புக்கு என்னம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. சித்திரை வெயிலிலும் கை சில்லிட்டது. ஐந்து மாதம் மாதவிலக்கு வரவில்லை. அதைக்கூட 'ஒரு தொல்லை விட்டது' என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் பரிசோதனைத் தாள்களைப் பார்த்துவிட்டு, "சைக்கிளை விட வேண்டாம்மா, பட்டினியை விடுங்க" என்றார். செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத விளையாட்டுக்காரர்களுக்கு வருகிற இந்தக் கோளாறுக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. ஆண்களுக்கும் வரும். அவர்களுக்கு மாதக் கணக்கு இல்லாததால் தெரிய இன்னும் நாளாகும்.

ஆகவே இந்தப் பயணத்தில் ஊர் பார்ப்பது இரண்டாம் பட்சம். ஐந்து நாள் மிதித்துவிட்டு எடை குறையாமல் திரும்ப வேண்டும். இப்போது நான் 51. தம்பி 72, அவனுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது.

டாக்டர் போட்டுக் கொடுத்த கணக்கு இது. கொழுப்பைக் கழித்தால் என் உடம்பு 40 கிலோ. உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள, அந்த 40-ல் கிலோவுக்கு 45 கலோரி வேண்டும்: 1800. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் என் எடைக்கு மணிக்கு 350 அளவில் எரியும். நான்கு மணி நேரத்துக்கு 1400. ஆக மொத்தம் 3200. ஓர் இட்லிக்கு ஐம்பது கலோரி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 64 இட்லி. பந்தயம் கட்டித் தின்கிறவர்கள்கூட யோசிப்பார்கள்.

நாள் 1: திருச்சி – கல்லணை – திருவையாறு – தஞ்சாவூர்

வழியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி நூறு பேர் அளவில் திரட்டிக்கொண்டு, திருச்சி கண்டோன்மென்டில் டி.எஸ்.எஸ்.ராஜன் வீட்டிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தாரே, அதே வழி. சுமார் 240 கிலோமீட்டர். அவர்களுக்குப் பதினைந்து நாள் ஆனது, எங்களுக்கு ஐந்து. திருவையாறு மட்டும் அல்வாவுக்காக நானாகச் சேர்த்துக்கொண்ட சுற்று.

காலை ஐந்தே காலுக்கு ஒரு பெரிய தம்ளர் சத்துமாவுக் கஞ்சி, பனைவெல்லம் போட்டு. இரண்டு பூவன்பழம். அந்த நேரத்தில் மென்று தின்ன எனக்கு முடியாது, குடிக்க முடியும். பசி எடுக்காதவர்களுக்கு நான் சொல்கிற முதல் விஷயம் இதுதான்: கலோரியைக் குடியுங்கள். கஞ்சி, பால், தயிரும் பழமும் அடித்தது, எதுவானாலும் சரி. தம்பி வெறும் டீயோடு ஏறினான். "பசிச்சா பார்த்துக்கலாம்க்கா."

கல்லணையில் பனி விலகும்போது ஆறரை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நாங்கள் போனது மூடிய அடுத்த வாரம். காவிரியில் மணல் திட்டு தெரிய, நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். இங்கேதான் தண்ணீர் நான்காகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், வெள்ளம் வந்தால் கொள்ளிடம். தண்ணீர் குறைந்த வருடம் என்ன செய்வார்கள்? முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அப்புறம் அந்த ஆற்றுக்கு. கடைமடைக்காரனுக்கு வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை.

என் உடம்பும் அதைத்தான் செய்தது. சோறு குறைந்ததும் முறை வைத்துவிட்டது. மிதிக்கிற காலுக்கும் துடிக்கிற நெஞ்சுக்கும் திறந்துவிட்டு, முடிக்கும் எலும்புக்கும் கர்ப்பப்பைக்கும் ஷட்டரை இறக்கிவிட்டது. கால் ஓடுகிறது, அதனால் ஆரோக்கியமாக இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைமடையில் நின்றுகொண்டு கடைமடை விளைச்சலைச் சொன்ன மாதிரி. இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் வறுத்த மீன் கடை எப்போது திறக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியெல்லாம் ஆற்றோரம் வாழை. திருச்சியில் வாழைக்கென்றே 1993-லிருந்து தேசிய ஆராய்ச்சி மையம் இருப்பது சும்மா இல்லை. மிதிக்கும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும். நம்ம பூவன் சின்னது, இரண்டு தின்றால்தான் அந்தக் கணக்குக்கு வரும். மணிக்கூண்டு மாதிரி கைப்பேசி அரை மணிக்கொரு தடவை அடிக்கும்படி வைத்திருக்கிறேன். அடித்தால் பசி இருக்கிறதோ இல்லையோ இரண்டு பூவன்பழம், அல்லது நான்கு பேரீச்சை. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை இரண்டாயிரம் கலோரிக்குள்தான். அது தீர்ந்த பிறகு சாப்பிடுவது, வண்டி நின்றபின் பெட்ரோல் பங்க்கைத் தேடுவது.

திருக்காட்டுப்பள்ளியில் பொங்கல். தூக்கம் வரும் என்று பொங்கலைப் பழிப்பார்கள். ஆபீஸ் நாற்காலியில் வரும், சைக்கிள் சீட்டில் வராது. ஆனால் வடையைத் தவிர்த்தேன். எண்ணெயில் பொரித்தது கலோரி நிறைய உள்ளதுதான், வயிற்றை விட்டு நகர நேரமாகும். மிதிக்கப் போகும் முன் வேண்டாம், இறங்கியபின் தாராளமாக.

பதினொன்றரைக்குத் திருவையாறு. அசோகா அல்வா பாசிப்பருப்பில் செய்வது. கோதுமை மாவு, சர்க்கரை, நெய், கேசரி நிறம். வாழை இலைத் துண்டில் ஒரு கரண்டி வைத்தார்கள். நூறு கிராம் இருக்கும். ஆறும்போது ஓரத்தில் நெய் பிரிந்து இலை நரம்பு வழியாக ஓடியது. பருப்பு முழுக்க மசியவில்லை, நாக்கில் மணல் போல லேசான நறநறப்பு, அப்புறம் ஏலக்காய். போன வருடத்து நானாக இருந்தால் இதைப் பார்த்து ஒதுங்கிப் போயிருப்பேன். இன்றைக்கு இரண்டாவது கரண்டி கேட்டேன். தஞ்சாவூருக்கு இன்னும் 13 கிலோமீட்டர்தான்.

நாள் 2: தஞ்சாவூர் – கும்பகோணம்

நாற்பது கிலோமீட்டர். சம்பா அறுப்பு முடிகிற நேரம், பாதி ரோட்டில் நெல் காய்கிறது. அய்யம்பேட்டை தாண்டி என் கியரில் வைக்கோல் சுற்றிக்கொண்டு சக்கரம் நின்றது. விழவில்லை. நெல் துழாவிக்கொண்டிருந்த அம்மா, "பார்த்துப் போம்மா, நெல்லு மேல ஏத்திடாத" என்றார். அவர் கவலை நெல்லைப் பற்றி. நியாயம்தான்.

கும்பகோணத்தில் சைக்கிளை நிறுத்தியதும் மெஸ்ஸில் இட்லியும் கடப்பாவும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கடப்பா என்றால் கல் இல்லை. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிவது. இட்லி முங்குகிற மாதிரி ஊற்றுவார்கள். சாம்பாரில் தண்ணீர்தான் அதிகம். கடப்பாவில் கிழங்கின் மாவுச்சத்து, பருப்பின் புரதம், தேங்காயின் கொழுப்பு மூன்றும் ஒரே கரண்டியில். மிதித்து இறங்கியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நிறையச் சாப்பிட வேண்டும் என்றால் தட்டைப் பெரிதாக்க வேண்டியதில்லை, தட்டில் இருப்பதைக் கெட்டியாக்கினால் போதும். அதே ஐந்து இட்லி, சாம்பாருக்குப் பதில் கடப்பா. அல்லது மிளகாய்ப்பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அதிலேயே 120 கலோரி. சோற்றில் நெய் விட்டாலும் அதே அளவு. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 170. வயிற்றுக்குத் தெரியாமல் உள்ளே போகும்.

1930-ல் தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று அறிவித்திருந்தார். சும்மா மிரட்டலும் இல்லை. கும்பகோணத்தில் அவர்களை வீட்டில் வைத்து விருந்து போட்ட பந்துலு ஐயர் சிறைக்குப் போனார். அதற்கப்புறம் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்றால், சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் போட்டது என்று மரத்தையா கேட்க முடியும்? நாளைக்கு வலங்கைமான் சாலையில் புளியமரம் வந்தால் அண்ணாந்து பார்ப்பதாக இருக்கிறேன்.

தம்பி ராத்திரி ஆறு பரோட்டா, இரண்டு ஆம்லெட். பகலெல்லாம் டீ குடித்தே வந்தான். "மொத்தமா சேர்த்து அடிச்சாச்சுக்கா" என்றான்.

நாள் 3: கும்பகோணம் – நீடாமங்கலம் – மன்னார்குடி

எழுத அதிகமில்லை. வலங்கைமான் சாலையில் புளியமரங்கள் இருந்தன, பொட்டலம் இல்லை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருந்த நேரத்தில் இரண்டு எள்ளுருண்டை. எனக்கு அது நேர விரயமாகவே தெரியவில்லை.

'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள். ராஜகோபால சுவாமி கோயில் மதிலோரம் ஒரு சுற்று வந்துவிட்டு, ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் பனங்கிழங்கு உரித்துத் தின்றோம். பனங்கிழங்கு நல்லதுதான், ஆனால் அதன் நார் வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும். ஓய்வு நாளுக்குச் சரி.

இரவு தயிர்சாதத்தில் வேர்க்கடலை போட்டு, கூட இரண்டு அவித்த முட்டை, படுக்கும் முன் ஒரு தம்ளர் பால். மிதித்த நாளில் ஒவ்வொரு வேளையும் இருபது, இருபத்தைந்து கிராம் புரதம் சேர வேண்டும். இரண்டு முட்டையில் பன்னிரண்டு வந்துவிடும், மீதியைத் தயிரும் கடலையும் பாலும் பார்த்துக்கொள்ளும். டப்பாப் பவுடருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த காலம் ஒன்று எனக்கும் இருந்தது.

நாள் 4: மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி – வேதாரண்யம்

இன்றைக்கு நான் கவிழ்ந்த நாள். சாலையில் இல்லை.

தங்கிய இடத்தில் காலையில் கறுப்புக் கவுனிப் புட்டு கிடைத்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் வந்துவிட்டுப் பாரம்பரிய அரிசி சாப்பிடாமல் போவதா என்று ஒரு பக்தி. இந்த வட்டாரத்துக் கட்டிமேடு கிராமத்துக்காரர் நெல் ஜெயராமன். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 160-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018-ல் மறைந்தார். பக்தியில் தப்பில்லை, நேரம்தான் தப்பு. கவுனியில் தவிடும் நாரும் அதிகம், மெல்ல மெல்லக் கரைகிற அரிசி. பாதிக் கிண்ணத்திலேயே வயிறு 'போதும்' என்றது, நானும் நம்பிவிட்டேன். 65 கிலோமீட்டர் மிதிக்கப் போகிறவள் காலையில் தின்ன வேண்டியது வெள்ளை இட்லியும் சர்க்கரையும்தான். கவுனி இரவுக்கு. உடம்புக்கு நல்லது என்று பெயரெடுத்த சாப்பாடு எல்லா நேரத்துக்கும் நல்லதில்லை.

இரண்டாவது தப்பு: தீனிப் பையை அறைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தேன். பத்து கிலோமீட்டர் தாண்டித்தான் தெரிந்தது. மூன்றாவது என் தப்பில்லை. கடலிலிருந்து கொண்டல் காற்று முகத்தில் அறைந்தது. 18-ல் போகிற வண்டி 12-ல் ஊர்ந்தது, மூச்சு மட்டும் 25-க்கு உரியது.

கோட்டூர் தாண்டியதும் ஆரம்பித்தது. முதலில் கோபம். தம்பி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான், அவனை அடிக்கலாம் போல இருந்தது. அடுத்து விரல் நடுக்கம், வெயிலில் குளிர்ந்த வியர்வை. பெயர்ப்பலகையில் எழுத்து தெரிகிறது, ஊர்ப்பெயர் மனதில் ஏறவில்லை. தாள் அறுத்த வயல்களில் உளுந்து பச்சை விட்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்துவிடலாம் என்று மட்டும்தான் தோன்றியது.

ஒரு டீக்கடை. கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, வயித்துல ஒண்ணுமில்லாமலா மிதிச்சிட்டு வர்ற?"

"புட்டு சாப்பிட்டேன்மா."

"எப்ப? நேத்தா?"

டீ, மூன்று கரண்டி சர்க்கரையோடு. நான்கு பொறை. பொறையை டீயில் முக்கினால் ஒரு நொடி கெட்டியாக இருக்கும், அடுத்த நொடி கிளாஸுக்குள் விழுந்துவிடும். அந்த நொடிக்குள் வாயில் போட வேண்டும். முதல் இரண்டைத் தவறவிட்டேன், கை அப்படி ஆடியது. அடியில் கரைந்து கிடந்ததைக் கரண்டி வாங்கி வழித்துச் சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் பெயர்ப்பலகை படிக்க முடிந்தது. மைதா, வெள்ளைச் சர்க்கரை, இரண்டும் என் பழைய எதிரிகள். அந்த நேரத்தில் அவைதான் ரத்தத்தில் உடனே ஏறின. ஆரோக்கியம் என்று எழுதி ஒட்டிய எதுவும் அந்தக் கால் மணியில் ஏறியிருக்காது.

கிளம்பும்போது அந்த அம்மா கடலை மிட்டாய் ஒரு சரம் அறுத்துக் கொடுத்து, "போற வழியில தின்னு, திரும்ப இங்க வந்து விழாத" என்றார். காசு வாங்கிக்கொண்டார். தம்பி அப்போதும் டீ மட்டும்தான்.

திருத்துறைப்பூண்டியில் முழுச் சாப்பாடு, ஒரு மணி நேரம் ஓய்வு. மாலை வெயில் தாழ்ந்து வேதாரண்யம். இரவு சோறு, மத்திக் குழம்பு, கடைசியில் கெட்டித் தயிர். மூன்று தடவை சோறு வாங்கினேன். பரிமாறியவர் மூன்றாம் தடவை சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 5: வேதாரண்யம் – அகஸ்தியம்பள்ளி – கோடியக்கரை

அகஸ்தியம்பள்ளியில் உப்பளம். 1930 ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்தவர்கள் 30-ஆம் தேதி இங்கே உப்பள்ளினார்கள். ராஜாஜி கைதானார். நினைவுத் தூண் இருக்கிறது. பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்க, வரப்போரம் அள்ளி வைத்த உப்பு குவியல் குவியலாக.

என் கறுப்புச் சட்டை முதுகில் நான்கு நாள் வியர்வை காய்ந்து வெள்ளை வரி வரியாகப் படிந்திருந்தது. தம்பி விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அரைப்படி தேறும்க்கா, வரி கட்டிட்டியா?" என்றான்.

ஒரு லிட்டர் வியர்வையில் போகிற உப்பு ஆளுக்கு ஆள் மாறும். சாதாரணமாக அரை டீஸ்பூனை ஒட்டி வரும். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும், தலைவலி, குமட்டல், அப்புறம் ஆபத்து. குமட்டினால் சாப்பாடு எப்படி இறங்கும்? இளநீரைப் பெரிதாகச் சொல்வார்கள், அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம்தான். அதனால் என் பாட்டிலில் ஒன்று வெறும் தண்ணீர், மற்றொன்று எலுமிச்சை, பனைவெல்லம், உப்பு. இறங்கினால் உப்புப் போட்ட மோர். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடியக்கரை போகும் சாலையிலிருந்தே வெளிமான்கள் தெரிந்தன. ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை, மேய்ச்சலில் அவ்வளவு கவனம்.

திரும்பி வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்துத் தவிட்டுக் கடையில் மூட்டை போடுகிற எடை மெஷின் கண்ணில் பட்டது. கடைக்காரரைக் கேட்டு ஏறினேன். 51.4. அதில் கொஞ்சம் மோர், கொஞ்சம் மத்திக் குழம்பு என்று தெரியும். வீட்டு மெஷினும் இதுவும் ஒன்றில்லை என்றும் தெரியும். இருந்தாலும் இறங்க மனசு வரவில்லை.

"தள்ளுக்கா, நான் பார்க்கிறேன்" என்று தம்பி ஏறினான். 69.8.

இறங்கிவிட்டு மறுபடி ஏறினான். 69.8.

ஒன்றும் பேசவில்லை. என் பையின் ஜிப்பைத் திறந்து, மிச்சமிருந்த கடலை மிட்டாய்ச் சரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தான்.